எடை குறையக் குறைய உதை கூடும்

திருப்பதியிலிருந்து மலையேறும் வண்டி எதுவானாலும் அலிபிரியில் நின்றாக வேண்டும். பேருந்து என்றால் எல்லோரும் இறங்கி, பையை உருளும் பட்டையில் வைத்துவிட்டு, கதவில்லாத நிலைப்படி போன்ற அந்தச் சட்டகத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். சாராயம், சிகரெட், மாமிசம், ஆயுதம் எதுவும் மேலே போகக் கூடாது. அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சித்தூரில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர், பல வருடப் பழக்கம். இடுப்பைத் தடவிப் பார்த்த காவலர் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீ சயின்ஸ் எழுதுறவன்தானே. ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். சட்டைக்குள்ள புடைச்சுக்கிட்டு தெரியக் கூடாது. இடுப்புல பாரம் தெரியக் கூடாது. ஆனா தோட்டா பெருசா இருக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா?"

கேட்ட இடம்தான் சரியில்லை. கேள்வி நல்ல கேள்வி. சீசனில் தோத்தாபுரிக் காய் கூழ் ஆலைகளுக்குப் போகும்போது அவர் கையில் ரொக்கம் புழங்கும். உரிமத்துக்கு மனுப் போட்டு, காவல்துறை விசாரணை முடிந்து, கலெக்டர் ஆபீஸிலிருந்து புத்தகமும் வந்துவிட்டது. மெலிவு, எடைக்குறைவு, பெரிய தோட்டா என்று அவர் கேட்ட மூன்றையும் ஒரே பொருளில் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மூன்றுக்கும் சேர்த்து விலை கொடுப்பது, சுடுகிறவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவை.

முதலில், தோட்டாவின் அளவைச் சொல்லும் 'போர்' என்ற சொல். சித்தூர்க்காரரிடம் போர் என்றால் ஆயிரம் அடி தோண்டியும் தண்ணீர் வராத குழி. துப்பாக்கிக்கும் அதே ஆங்கிலச் சொல்தான், அதே பொருள்தான்: துளையின் அகலம். பாயிண்ட் 32 என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு 32 பங்கு, சுமார் 8 மில்லிமீட்டர். பாயிண்ட் 45 என்றால் பதினொன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அகலத்தில் மூன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கமாக வளரும், ஆகவே துளை இரண்டு மடங்காகிறது. குண்டின் எடையோ மூன்று மடங்குக்கும் மேல்: பாயிண்ட் 32 பிஸ்டல் குண்டு நாலரை கிராம் சொச்சம், பாயிண்ட் 45 குண்டு 15 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. தோட்டா என்பது குண்டும் மருந்தும் பித்தளைக் கூடும் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும்.

நாட்டுப்புறத்தில் காவலுக்கு வைத்திருக்கும் 12 போர் துப்பாக்கியின் கணக்கு வேறு. அதில் எண் ஏறினால் துளை சிறுக்கும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தத் துளையில் சரியாக உட்காருமோ, அது 12 போர். இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு 12 போரைவிட 32 போர் பெரிது என்று வாதாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உதைக்கு வருவோம். பரிசலிலிருந்து கரைக்குத் தாவியவர்களுக்குத் தெரியும்: நாம் முன்னால் போனால் பரிசல் பின்னால் போகும். தாவுகிறவர் கனமாக, பரிசல் லேசாக இருந்தால் அது வெகுதூரம் விலகும், சில சமயம் நாம் கரையை அடையாமல் தண்ணீரில் விழுவோம். துப்பாக்கி பரிசல், குண்டு தாவுகிற ஆள். எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது உந்தம். முன்னால் போகும் உந்தமும் பின்னால் வரும் உந்தமும் சமமாக இருந்தாக வேண்டும்.

போட்டுப் பார்க்கலாம். 15 கிராம் குண்டு நொடிக்கு 255 மீட்டர் வேகத்தில் ஒரு கிலோ 100 கிராம் எடையுள்ள பழைய எஃகுப் பிஸ்டலிலிருந்து கிளம்பினால், பிஸ்டல் நொடிக்குச் சுமார் மூன்றரை மீட்டர் வேகத்தில் கைக்குள் வரும். அந்த இயக்கத்தின் ஆற்றல் ஆறரை ஜூல். அதே தோட்டாவை 600 கிராம் பிஸ்டலில் போடுவோம். குழல் குட்டையாவதால் குண்டின் வேகம் சற்றுக் குறையும். அதைக் கழித்த பிறகும் பிஸ்டல் நொடிக்கு ஏறக்குறைய ஆறு மீட்டரில் உதைக்கிறது, ஆற்றல் 10 ஜூலைத் தொடுகிறது. ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கைக் கவையில் விழுந்தால் எப்படியோ, அப்படி. எரிந்த மருந்தின் வாயுவும் குண்டுக்குப் பின்னால் சீறி வருகிறது. அதைச் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். அண்ணன் கேட்காத பாயிண்ட் 32-ஐ முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பிஸ்டலில் போட்டால் ஒன்றேகால் ஜூல்கூட வராது. அதே அரிசிப் பொட்டலம் அரைச் சாண் உயரத்திலிருந்து விழுந்த மாதிரி.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. உந்தம் மாறாமல் எடை பாதியானால் வேகம் இரட்டிப்பாகும். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பாதி எடையோடு நாலு மடங்கைப் பெருக்கி, ஆற்றலும் இரட்டிப்பாகும். துப்பாக்கியில் கிராம் கிராமாகச் செதுக்கி எடுக்கிற எடை எங்கேயும் காணாமல் போகவில்லை. உதையாகத் திரும்பி வருகிறது.

இந்த இழுபறி புதிதல்ல. நூற்றுப் பத்து வருடங்களுக்கு முன்பே, அதுவும் ஒரே ஆளின் மேசையில், இரண்டு பக்கமும் தீர்வு சொல்லப்பட்டது. அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங் 1890களின் கடைசியில் பெல்ஜியத்தின் எர்ஸ்டால் ஊரிலுள்ள எஃப்.என். தொழிற்சாலைக்காகப் பாயிண்ட் 32 தோட்டாவையும், அதைச் சுடுகிற தட்டையான பிஸ்டலையும் வடிவமைத்தார். 600 கிராமைச் சற்றே தாண்டிய எடை. ரிவால்வரின் வயிற்றிலிருக்கும் உருளை இல்லாததால் கோட்டுப் பையில் சிகரெட் டப்பா மாதிரி படுத்துக்கொள்ளும். அதே பிரௌனிங் அமெரிக்கப் படைக்காக நேர் எதிர்த் திசையிலும் வேலை செய்தார். பிலிப்பைன்ஸ் போரில் சிறிய ரிவால்வர் குண்டுகள் போதவில்லை என்ற புலம்பல் எழ, 1904-இல் தாம்ப்சன், லகார்டு என்ற இரு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக் கூடங்களில் மாடுகளையும், தனியே மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்து, பாயிண்ட் 45-க்குக் குறைந்து வேண்டாம் என்று எழுதினார்கள். இன்றைய ஆய்வு முறையில் பார்த்தால் அந்தச் சோதனையை அறிவியல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் அதன் பேரில் பிரௌனிங் செய்த ஒரு கிலோ சொச்சம் கனமுள்ள பிஸ்டலை 1911 மார்ச் 29-ஆம் தேதி அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 1-ஆம் தேதி, வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டுகளை எடுத்துச் சென்னை மாகாணத்தில் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டது. அது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அடுத்து ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்திப்பில் நின்றிருந்த வண்டியில் ஏறி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார் வாஞ்சிநாதன். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். அதற்கு இரண்டு வருடம் முன்பு, இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய லண்டன் இந்தியா ஹவுஸிலிருந்து 20 பிரௌனிங் பிஸ்டல்கள் பெட்டியின் இரட்டை அடித்தட்டில் ஒளிந்து பம்பாய்க்கு வந்திருந்தன. 1909 டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொலையில் அவற்றின் தடம் வெளிப்பட்டது. மறைத்து எடுத்துச் செல்ல ஏற்ற பிஸ்டல் எது என்று தேடியவர்கள் அன்றைக்கே மெலிவின் பக்கம் முடிவெடுத்திருந்தார்கள். ஒரே மனிதர் வடிவமைத்த ரகங்களில் கனமானது ஒரு ராணுவத்துக்கு, தட்டையானது ரகசியக்காரர்களுக்கு என்று பிரிந்துபோன வருடம் 1911.

சித்தூருக்கு மறைந்த துப்பாக்கியின் ஞாபகம் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. 2015 நவம்பர் 17-ஆம் தேதி மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே மேயர் கட்டாரி அனுராதா சுட்டுக் கொல்லப்பட்டார். உடையில் மறைத்துக் கொண்டுவந்த ஆயுதங்கள். அலிபிரியில் கேட்ட அண்ணன் கேள்வியில் அந்த நாளின் நிழல் இருந்திருக்கலாம்; நான் தோண்டிக் கேட்கவில்லை.

மெலிவுக்குத் திரும்புவோம். மனித உடம்பு தட்டை; அதன்மேல் எது துருத்தினாலும் கண் பிடித்துவிடும். நீளம் பெரிய பிரச்சினையில்லை, இடுப்புக்குக் கீழே தொங்கும். காட்டிக்கொடுப்பது தடிமன். வருடத்தில் பத்து மாதம் வெயில் கொளுத்தும் ஊரில் மெல்லிய பருத்திச் சட்டைக்குள் ஒரு விரற்கடை அதிகம் தடித்தாலும் தெரியும். ஒரு பிஸ்டலின் தடிமனைத் தீர்மானிப்பது அதன் பிடிக்குள்ளிருக்கும் மேகசின்: தோட்டாக்களை ஒற்றை வரிசையில் அடுக்குகிறதா, வெற்றிலைக் கட்டு மாதிரி மாற்றி மாற்றி இரட்டை வரிசையிலா என்பதைப் பொறுத்தது. பாயிண்ட் 45-இன் கூடே 12 மில்லிமீட்டர் அகலம். அதை ஒற்றை வரிசையில் அடுக்கினால் பிஸ்டலை 25 மில்லிமீட்டருக்குள் அடக்க முடியும், ஆனால் ஐந்தாறு தோட்டாதான் பிடிக்கும். 2018-இல் வந்த சிக் பி365 என்ற 9 மி.மீ. பிஸ்டல் இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தது: மேகசினைக் கீழே இரட்டை வரிசையாகவும், மேலே போகப் போக ஒற்றையாகவும் குறுக்கி, உள்ளங்கை அளவுப் பிஸ்டலில் பத்துத் தோட்டாவைத் திணித்தது. இந்தத் துறையில் அண்மையில் வந்த உருப்படியான யோசனை என்று நான் அதைத்தான் சொல்வேன்.

பெரிய தோட்டாவை மெல்லிய உடம்பில் வைப்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. குண்டு குழலைவிட்டுப் போகும்வரை பின்பக்கம் திறந்துவிடக் கூடாது. திறந்தால் கொதிக்கும் வாயு சுடுகிறவர் முகத்துக்கு வரும். பாயிண்ட் 32 போன்ற சாதுவான தோட்டாவுக்கு இது சுலபம். பின்னால் இருக்கும் எஃகு ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் விறைப்புமே போதும். அது கொஞ்சம் நகர்வதற்குள் குண்டு வெளியே போய்விடும். பாயிண்ட் 45-க்கு அதே முறையைப் பயன்படுத்தினால் ஸ்லைடு சம்மட்டி மாதிரி கனக்க வேண்டும். பிரௌனிங் கண்ட வழி, குழலையும் ஸ்லைடையும் பல்லுக்குப் பல் பூட்டி, இரண்டையும் கொஞ்ச தூரம் சேர்த்தே பின்னால் வரவிட்டு, அழுத்தம் தணிந்ததும் குழலின் பின்முனையைத் தாழ்த்தி விடுவிப்பது. இன்று உலகில் விற்கும் பெரிய தோட்டாப் பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் இந்தத் தாழும் குழலைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ஸ்லைடு குட்டையாகக் குட்டையாக அதே வேலையைச் செய்யும் வில் விறைக்க வேண்டும். அதை இழுத்துப் பிடிக்க விரல் வலு வேண்டும். வயதானவர்கள் கடையில் மிகச் சிறிய பிஸ்டலை எடுத்து ஸ்லைடை இழுக்க முடியாமல் திரும்ப வைத்துவிட்டுப் பெரியதை வாங்குவது இதனால்தான்.

மேலும், தானியங்கிப் பிஸ்டல் தன் வேலையைச் செய்ய நம் கையைச் சுவராக நம்பியிருக்கிறது. சட்டகம் அசையாமல் நின்றால்தான் ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போய், காலிக் கூட்டை வீசிவிட்டு, அடுத்ததை ஏற்றும். லேசான பிஸ்டலைத் தளர்வாகப் பிடித்தால் ஸ்லைடோடு சட்டகமும் சேர்ந்து பின்வாங்கும், கூடு பாதியில் சிக்கும். கனமான பிஸ்டல் தன் எடையாலேயே ஓரளவு சுவராக நிற்கும். லேசானதற்கு அந்தக் கருணை கிடையாது.

உதை குறியைக் கெடுக்கிறதா? அதிசயமாக, அந்த உதை அந்தக் குண்டை ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. எட்டு சென்டிமீட்டர் குழலுக்குள் குண்டு இருப்பது ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் 600 கிராம் பிஸ்டல் பின்னால் நகர்வது இரண்டு மில்லிமீட்டர். வலி மூளைக்குப் போய்த் திரும்ப அதைவிட நூறு மடங்கு நேரமாகும். கெடுப்பது, உதை வரப்போகிறது என்று கைக்குத் தெரிந்திருப்பது. விசையை அழுத்தும் கணத்துக்கு முன்னமே மணிக்கட்டு தாழ்ந்து, குழல் தரையைப் பார்க்கும். பயிற்சியாளர்கள் இதைப் பிடிக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: மேகசினில் நடுநடுவே வெற்றுத் தோட்டா. அது வரும்போது வெடிக்காது, உதைக்காது, ஆனால் பிஸ்டல் மட்டும் முன்னால் குனியும். சுட்டவர் வெட்கப்பட்டுப் போவார்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இந்தப் பாடத்தை விலை கொடுத்துப் படித்தது. 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மியாமியில் நடந்த சண்டையில் அதன் இரண்டு அதிகாரிகள் செத்தார்கள். கொள்ளையரில் ஒருவர் உடலில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது என்று தெரிந்ததும், இன்னும் பலமான தோட்டா வேண்டும் என்று 10 மி.மீ.க்குப் போனார்கள். பல அதிகாரிகளால் அந்த உதையைத் தாங்கி ஒழுங்காகச் சுட முடியவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு இவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று 1990-இல் கூட்டையும் வெட்டிச் சுருக்கிய பாயிண்ட் 40 வந்தது. கடைசியில் 2010களின் நடுவில், குண்டின் வடிவம் மேம்பட்டுவிட்டது, உதை குறைந்தால் ஆட்கள் நன்றாகச் சுடுகிறார்கள் என்று சொல்லிப் பழைய 9 மி.மீ.க்கே திரும்பினார்கள். முப்பது வருடச் சுற்றுப்பயணம்.

பெரிய தோட்டா ஆளைத் தூக்கி வீசும் என்ற நம்பிக்கைக்கு நம் சினிமாதான் பொறுப்பு. வில்லன் மார்பில் குண்டு பட்டதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறப்பார். அந்த உந்தம் சுட்டவர் கையிலும் அதே அளவு வந்திருக்க வேண்டும். அப்படியானால் கதாநாயகன் எதிர்த் திசையில் பறந்திருப்பார். கணக்கு: பாயிண்ட் 45 குண்டு 70 கிலோ மனிதருக்குள் முழுதாக நின்றுவிட்டால், அவருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு ஐந்தரை சென்டிமீட்டர். சந்தை நெரிசலில் தோள் இடித்தால் இதைவிட அதிகம் தள்ளாடுவோம். குண்டு உள்ளே எதைக் கிழிக்கிறது என்பதுதான் காயம், தள்ளுவது காயமில்லை.

எடைக்குறைவின் கடைசி எல்லையைப் பார்க்க ஆசைப்பட்டவர்களும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டகத்திலும் டைட்டானியம் உருளையிலும் சுமார் 340 கிராமுக்கு ஒரு ரிவால்வர் செய்தது. அதில் பாயிண்ட் 357 மேக்னம் என்ற வெறிபிடித்த தோட்டா. முதல் தடவை சுடும்போது உதை எவ்வளவு திடீரென்று வருகிறது என்றால், உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடுகள் பின்னால் இழுபட, அவற்றின் குண்டுகள் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்த்துக் கூட்டைவிட்டு வெளியே நழுவும். நழுவிய மூக்கு நீட்டிக்கொண்டால் உருளை சுற்றாது, துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். மேசைவிரிப்பைச் சட்டென்று உருவினால் டம்ளர் நிற்குமே, அதே நிலைமம். தவிர, டைட்டானியம் உருளை அரிக்காமலிருக்க, எந்த எடைக்குக் குறைந்த குண்டைப் போடக் கூடாது என்றும் குழலிலேயே எழுதி வைத்தார்கள். எடுத்துச் செல்ல இன்பம், சுடுவது தண்டனை.

நம் ஊரில் இந்தத் தேர்வை ஓரளவு சட்டமே செய்துவிட்டது. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ், படைகள் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்றவை தடைசெய்யப்பட்ட போர். 1980களின் நடுவிலேயே தனியார் இறக்குமதிக்கும் கதவு சாத்தப்பட்டது. ஆகவே கடையில் பெரும்பாலும் பாயிண்ட் 32-தான். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வர் டைட்டானியக் கலவையில் அரைக் கிலோ எடை. அப்போதைய விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் சொச்சம். பெண்களின் கைப்பைக்கு என்று விளம்பரம் செய்தார்கள். அந்த விலையில் எத்தனை பெண்கள் வாங்கியிருக்க முடியும் என்று அன்றே கேட்டவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் இயற்பியலாக அது பொருத்தமான ஜோடி: லேசான சட்டகம், சாதுவான தோட்டா. மறைப்பதைப் பற்றியும் சட்டத்துக்கு ஒரு கருத்து உண்டு. 2016 ஆயுத விதிகள் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, வெளியே தெரியாமல் மூடியே கொண்டுபோகச் சொல்கின்றன. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவருக்கு 2019 திருத்தத்தின்படி இரண்டு வருடம்வரை சிறை.

வரிசை நகர்ந்து சட்டகத்துக்கு வந்துவிட்டோம். "பிளாஸ்டிக்ல செஞ்சா இதுல தெரியாதாமே?" என்று அண்ணன் கேட்டார். 1980களில் ஆஸ்திரிய க்ளாக் பிஸ்டல் வந்தபோது அமெரிக்காவே இதைக் கேட்டுப் பயந்தது. பிளாஸ்டிக்கானது சட்டகம் மட்டும். குழலும் ஸ்லைடும் எஃகு, எடையில் பெரும்பங்கு அதுதான். இந்த நிலைப்படிக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்கள் காந்தப் புலத்தை விடாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். மாறும் புலம் எந்த உலோகத்தில் பட்டாலும் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும்பும். அந்த மின்னோட்டம் தன் சொந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். சுருள் அதைக் கேட்டுக் கத்தும். எஃகு, அலுமினியம், டைட்டானியம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். சட்டைக்குள் தெரியாதபடி மெலிந்ததும், இடுப்பில் தெரியாதபடி லேசானதும் கண்ணைத்தான் ஏமாற்றும்.

அண்ணன் உள்ளே நுழைந்தார். கத்தியது. வெற்றிலைச் செல்லம், வெண்கலம். காவலர் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே, வாசனைப் புகையிலைப் பொட்டலத்தை மட்டும் எடுத்துத் தொட்டியில் போட்டார்.

கடைசியில் அவர் வாங்கியது பாயிண்ட் 32 எஃகு ரிவால்வர். முக்கால் கிலோவை ஒட்டிய எடை, உருளை நன்றாகவே புடைத்துத் தெரிகிறது. தேர்தல் அறிவித்ததும் ரசீது வாங்கிக்கொண்டு அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். முடிவுகள் வந்தபின் போய் வாங்கி வந்தார்.